துவைகல் ஓரத்துத் தான்தோன்றி: இனங்காணல் குறித்து ஓர் ஆய்வு

செடிகள் இருவகைப்படும்: நாம் வைத்தவை, நாம் வைக்காதவை. நாம் வைத்தவை பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே அவற்றைப் பற்றி ஆராய ஒன்றும் இல்லை. சென்ற ஆடியில் இவ்வாய்வாளரின் வீட்டில் மூன்று ரோஜாவும் இரண்டு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு மாதுளையும் முறைப்படி குழி தோண்டி, மண்புழு உரம் போட்டு, நல்ல நாள் பார்த்து நடப்பட்டன. கார்த்திகைக்குள் ஆறு குச்சிகள் மிஞ்சின. அதே ஆண்டு ஐப்பசியில், அடைமழை விட்ட மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமல், துவைகல்லுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு செடி தலை காட்டியது. அது என்ன செடி என்பதே இந்த ஆய்வின் வினா. விடை கிடைக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. இடையில் குடும்பத்தில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது.

களம்

ஆய்வுக்களம் திருவானைக்காவலில் ஒரு வீட்டுக் கொல்லை. துவைகல் இவ்வாய்வாளரின் தாத்தா காலத்தது. வாஷிங் மெஷின் வந்தபிறகும் கால்மிதியும் கரித்துணியும் அதன் பொறுப்பில்தான் இருக்கின்றன. கல்லின் தென்முனையிலிருந்து ஒரு சாண் நான்கு விரல் தள்ளி, சிமெண்டுப் பூச்சு வெடித்த இடத்தில் செடி நின்றது. மண்ணின் தன்மை: பழைய சுண்ணாம்புக் காரை, தேங்காய் நார், சோப்புத் தண்ணீர், கொஞ்சம் சொட்டு நீலம். எந்த வேளாண் கையேடும் இப்படியொரு நிலத்தைச் சிபாரிசு செய்யாது.

முதல் நாள் இரண்டு வித்திலைகளும் இரண்டு இலைகளும் இருந்தன. இடதுபக்க வித்திலையில் ஒரு நீலப் புள்ளி. அது பிறவியிலேயே வந்ததா, சலவையில் வந்ததா என்று யோசிப்பதிலேயே ஒரு முற்பகல் கழிந்தது. ஈரத்துணியால் ஒற்றியதும் போய்விட்டது. ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு இதுவே.

தானாக முளைப்பது இவ்வூருக்குப் புதிதில்லை. இங்குள்ள ஜம்புகேஸ்வரர் கோயிலின் தலவிருட்சம் வெண்ணாவல். சிவபெருமான் கொடுத்த நாவற்பழத்தை ஒரு முனிவர் விதையோடு விழுங்கிவிட, அது அவர் தலையைப் பிளந்துகொண்டு மரமானது என்பது தலபுராணம். ஜம்புகேஸ்வரர் என்ற பெயரே அந்த நாவலால் வந்தது. அந்த முனிவருக்கு ஒரு வசதி இருந்தது: விழுங்கியது என்ன விதை என்று அவருக்குத் தெரியும். இவ்வாய்வாளருக்கு அதுகூடத் தெரியாது.

தானே தோன்றியதைத் ‘தான்தோன்றி’ என்கிறோம். காவிரிக்கு அக்கரையில் உறையூரில் தான்தோன்றீஸ்வரர் இருக்கிறார். கல் தானாகத் தோன்றினால் கோயில் கட்டுகிறோம். ஆள் அப்படி இருந்தால் தான்தோன்றித்தனம் என்று திட்டுகிறோம். செடியானால் பிடுங்குகிறோம். ஒரே சொல்லுக்கு ஏன் இந்த மூன்று விதமான மரியாதை என்பது தனி ஆய்வுக்கு உரியது. நிதி கிடைத்தால் மேற்கொள்ளப்படும்.

விதை வந்த வழி

வீட்டார் முன்வைத்த கருதுகோள்கள் நான்கு. ஒன்று, காக்கை. இரண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர். மூன்று, ரோஜாவுக்கென்று வாங்கிய மாட்டெரு. நான்கு, மாதுளைக்கென்று மூட்டை இன்ன விலை என்று பேசி வாங்கிய செம்மண். நான்காவது உண்மையானால், வாங்கிய செடி செத்து, வாங்காத செடி அந்த மண்ணிலேயே வந்திருக்கிறது என்று ஆகும். அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் வீட்டில் யாரும் இல்லாததால் அக்கருதுகோள் நிராகரிக்கப்பட்டது.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: விதை எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் கிடந்தது. இதற்கு வலுவான முன்னுதாரணங்கள் இருக்கின்றன. டார்வின் ஒரு சிறு குளத்தின் கரையிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேற்றை எடுத்துவந்து, படிப்பறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள். அத்தனையும் ஒரு காலைக்காப்பிக் கோப்பையில் அடங்கிய சேற்றிலிருந்து. வீட்டுக்குள் ஆறு மாதம் சேற்றை வைத்திருக்க அவருடைய மனைவி எப்படிச் சம்மதித்தார் என்பதை அறிவியல் வரலாறு போதிய அளவு ஆராயவில்லை. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர், களை விதைகளை மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டு மண்ணுக்குள் புதைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து, விதைகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2021இல் ஒன்றைத் தோண்டினார்கள், விடியுமுன், வெளிச்சம் படாமல். 142 ஆண்டுகள் தூங்கிய விதைகளில் சில எழுந்துகொண்டன. அடுத்த பாட்டிலுக்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். ஆக, நம் செடி இவ்வாய்வாளரின் தாத்தாவுக்குச் சமவயதினதாக இருக்கவும் வாய்ப்புண்டு. அது தெரிந்ததிலிருந்து அதன் முன் கால் நீட்டி உட்காரத் தயக்கமாக இருந்தது.

நடைமுறையில் வென்றது காக்கைக் கருதுகோள்தான். இவ்வாய்வாளரின் மாமியார், வயது 86, செடியைப் பிடுங்கியே தீரவேண்டும் என்று முதல் வாரமே தீர்ப்புச் சொல்லியிருந்தார் (காரணம் கீழே). அதற்கு அவருடைய மகள், அதாவது என் மனைவி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஏம்மா, அமாவாசைக்குச் சோறு வெச்சியே, அந்தக் காக்கா போட்டதா இருந்தா?” பித்ருக்கள் போட்ட விதையைப் பிடுங்குவது எப்படி? மாமியார் ஊஞ்சலை நிறுத்திவிட்டு யோசித்தார். செடிக்கு இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது.

முன்னோர் நூல்கள்

முதலில் தொல்காப்பியம். அதன் மரபியலில் செடிகொடிகளைப் பிரிக்க ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது: வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், இன்றைய தாவரவியலும் அவற்றை மாவோடும் வேம்போடும் சேர்க்காமல் புல்லின் பக்கம்தான் வைக்கிறது. ஆனால் வயிரம் எங்கே என்று பார்க்கச் செடியை வெட்ட வேண்டும். நம் செடியின் தண்டு அப்போது வெற்றிலைக் காம்பு கனம்.

அடுத்து, கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 12 தொகுதிகள். அதில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் சொன்ன மலையாளப் பெயர்கள் லத்தீன் எழுத்தில் ஏறியிருக்கின்றன. பிறகு, கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரநூல், 1915இல் தொடங்கி 1936இல் முடிந்தது. முடிவதற்குள் கேம்பிள் காலமாகிவிட, ஃபிஷர் என்பவர் மிச்சத்தை எழுதி முடித்தார். கொல்லைச் செடி ஒன்றுக்காக இவ்வளவு பெரிய நூலைத் திறப்பவர் தன் ஆயுளையும் கணக்கில் கொள்வது நல்லது. இந்த மரபில் வந்த மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. பெயருக்கும் இருப்புக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை என்பதைத் தாவரவியலார் ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நமக்குப் பக்கத்தில், திருச்சி தூய வளனார் கல்லூரியிலேயே, கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அவர் எழுதிய தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரநூல் தெரியாதவர் இத்துறையில் இல்லை.

கேம்பிள், மேத்யூ நூல்களில் வழி தேடுவதற்கு ஒரு ‘சாவி’ உண்டு. இதைப் பெயர்பெறச் செய்தவர் பிரான்சு நாட்டு லமார்க், ஆண்டு 1778. இதுவா, அதுவா என்று இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பெயரில் கொண்டு நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவி கேட்ட முதல் சில கேள்விகளிலேயே ‘சூலகம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?’ என்று வந்துவிட்டது. செடிக்கு அன்று நான்கு இலை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் பேரனுக்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேட்டால் அது என்ன சொல்லும்? புத்தகம் மூடப்பட்டது.

சாட்சிகள்

எனவே வாய்மொழிச் சான்றுகளை நாடவேண்டியதாயிற்று. சாட்சிகளின் கூற்றை அவர்கள் சொன்னபடியே தருகிறேன்.

முதல் சாட்சி, மனைவி. “மிளகாய்ங்க. இலை பளபளன்னு இருக்கு பாருங்க. வத்தல் கிள்ளறப்ப விதைய அங்கதான் உதறுவேன்.” கூற்று நேரடியானது, காரணகாரியத் தொடர்பு உடையது. ஆனால் இதே சாட்சி இதற்குமுன் குப்பைமேனியைத் துளசி என்று சொல்லி இரண்டு வாரம் விளக்கேற்றியவர் என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

இரண்டாம் சாட்சி, வாரம் ஒருமுறை கீரை கொண்டுவரும் அம்மா. கூடையை இறக்காமலே பார்த்தார். “மணத்தக்காளி சார் இது. வாய்ப்புண்ணுக்கு நல்லது. பத்து நாள் விடுங்க, நானே வந்து பறிச்சு ஆஞ்சு தர்றேன்.” என்ன விலைக்கு என்று சொல்லவில்லை. தன் கொல்லையில் தானாக வந்த கீரையைத் தானே காசு கொடுத்து வாங்கப்போகும் முதல் ஆள் தான்தானோ என்ற ஐயம் இவ்வாய்வாளருக்கு எழுந்தது. ஆனால் அந்த அம்மா மறுவாரமே மகள் பிரசவத்துக்கு லால்குடி போய்விட்டார். பொங்கல் வரை வரவில்லை. இல்லையென்றால் இந்த ஆய்வு பாதியிலேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் சாட்சி, கொல்லை சுத்தம் செய்ய வருபவர். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு ஒரே சொல்லில் முடித்தார்: “களை சார்.” என்ன களை என்று கேட்டதற்கு, “எடுத்தா நூறு ரூவா” என்றார். அவர் வகைப்பாட்டில் இரண்டே குடும்பங்கள். எடுக்கவேண்டியது, எடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னது. நான் பார்த்த எல்லா வகைப்பாடுகளிலும் உள்முரண் இல்லாதது இது ஒன்றுதான்.

நான்காம் சாட்சி, பக்கத்து வீட்டில் இருக்கும் பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொல்லியிருக்கிறார், அவற்றில் இது ஏன் ஒன்றாக இருக்கக்கூடாது என்றார். அந்த 99இல் பலவற்றுக்கு இன்று இதுதான் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே மறுக்கவும் வழியில்லை. பூக்கட்டும் பார்ப்போம் என்றேன். அதற்கு அவர், அதுவரை பெயரில்லாமல் இருக்கக்கூடாது என்று தமிழ்ப் பெயரிடு முறையை விளக்கினார். சுருக்கம் இது: தெரிந்த செடி ஒன்றைப் போல இருக்கவேண்டும், அதன் முன்னால் ஒரு பிராணியோ பேயோ ஊரோ சேர்க்கவேண்டும். உண்ண முடியாத சுரை பேய்ச்சுரை. கடுகு மாதிரி இருந்து கடுகு ஆகாதது நாய்க்கடுகு. ஆடு ஒதுக்குவது ஆடுதின்னாப்பாளை. கப்பலில் வந்ததெல்லாம் சீமை: சீமைக்கருவேலம், சீமையகத்தி. வேலியைத் தாண்டி நிற்பது காட்டு: காட்டாமணக்கு. இந்த முறைப்படி நம் செடிக்கு ‘நாய்மிளகாய்’ என்று தற்காலிகப் பெயர் சூட்டலாம் என்றார். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. மிளகாய் சரி, நாய் எதற்கு என்பது அவள் கட்சி. மேலே சொன்ன இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது இதில்தான். தமிழாசிரியருடன்.

ஐந்தாம் சாட்சி, மாமியார். கண்புரை முற்றியிருக்கிறது, அறுவைச் சிகிச்சையைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். பாசி வழுக்கும் என்று கொல்லைப்பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை. கூடத்து ஊஞ்சல்தான் அவருடைய நீதிமன்றம். ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி நசுக்கினார். மாப்பிள்ளையிடம் நேரே பேசும் வழக்கம் அவருக்கு இந்த நாற்பது ஆண்டுகளில் வரவில்லை, ஆகவே சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஊமத்தை. பிள்ளைங்க வந்து போற வீடு. பிடுங்கிப் போடச் சொல்லு.”

ஆறாம் சாட்சி, தங்கை மகள். கல்லூரியில் தாவரவியல் மூன்றாமாண்டு. முழங்காலிட்டு உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் தண்டு, கணு, இலைக்காம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கத்தரி என்றால் இலையில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுணை இருக்கும், இல்லை. தக்காளி என்றால் இலை பிளவுபட்டிருக்கும், கசக்கினால் நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாசனை வரும், இல்லை. இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வந்திருக்கின்றன. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “சொலனேசி மாமா. கத்தரிக் குடும்பம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். பூ வரட்டும்.”

வீட்டில் ஏமாற்றம். மூன்று ஆண்டு கட்டணம் கட்டிப் படித்த பெண் இவ்வளவுதானா என்று முணுமுணுப்பு. இவ்வாய்வாளர் மட்டும் சற்று யோசித்தார். மிளகாய், மணத்தக்காளி, ஊமத்தை என்று ஆளுக்கொன்று சொன்ன மூன்றும் அதே கத்தரிக் குடும்பம்தானே! சாம்பாரில் கிடப்பதும் சிவன் சடையில் ஏறுவதும் பீடியில் புகைவதும் அந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள். சாட்சிகள் எல்லோரும் சரியான தெருவுக்கு வந்து, ஆளுக்கொரு கதவைத் தட்டியிருக்கிறார்கள். எந்தக் கதவு என்பதை அவரவர் தேவை தீர்மானித்திருக்கிறது. மிளகாய் விலைக் கவலையில் இருந்தவளுக்கு மிளகாய், கீரை விற்பவருக்குக் கீரை, கொள்ளுப்பேரனை எதிர்பார்த்திருந்தவருக்கு விஷம்.

கருவிவழிச் சோதனை

கைப்பேசியில் படமெடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றும் பயன்படுத்தப்பட்டது. காலையில் மிளகாய் என்றது. மாலையில் கத்தரி என்றது. மூன்றாம் முறை இவ்வாய்வாளரின் வலதுகாற் கட்டைவிரலும் படத்தில் விழுந்துவிட, இஞ்சி வகையாக இருக்கலாம் என்றது. இதற்கு மேல் இத்தலைப்பில் எழுத ஒன்றுமில்லை.

ஒரு சபலம்

நடுவில் ஒருநாள், மத்தியானத் தூக்கத்துக்கும் காப்பிக்கும் இடையில், வேறொரு எண்ணம் வந்தது. ஒருவேளை இது யாருமே இதுவரை பார்க்காத புதிய இனமாக இருந்தால்? விதிகளைப் படித்தேன். 1935 முதல் 2011 முடிய, புதிய செடியொன்றை அறிவிக்க லத்தீனில் விவரித்தாக வேண்டும் என்பது சட்டம். 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். என் போன்றோருக்காகவே கதவைத் திறந்துவைத்தது போல இருந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் அது பண்பில்லை என்று கருதப்படுகிறது. சரி, மனைவி பெயரை வைக்கலாம்; மிளகாய்த் தகராறும் தீரும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பெயருக்குச் சாட்சியாக ஒரு மாதிரியை உலர்த்தித் தாளில் ஒட்டி ஒரு காப்பகத்தில் வைத்தாக வேண்டும். இருந்தது ஒரே செடி. பெயர் வேண்டுமானால் அது சாகவேண்டும். பழைய தினசரிகளை எடுத்து வைத்தேன். மேலே பாரம் வைக்க அம்மிக்கல்லும் தயாராக இருந்தது. கொல்லைக்குப் போய் நின்றேன். எட்டாவது இலை விரிந்துகொண்டிருந்தது, நடு நரம்பில் இன்னும் கசங்கல் போகாமல், பெட்டியிலிருந்து எடுத்த புடவை மாதிரி. தினசரிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்.

பூவும் அதன் பின்விளைவுகளும்

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் முதல் பூ. இலைக் காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் ஒற்றையாக, தலை குனிந்து, வெளிறிய மஞ்சளில் சின்ன மணி போலத் தொங்கியது. குனிந்து பார்த்தால் போதாது; சாக்கடை ஓரத்தில் ஏறக்குறையப் படுத்துத்தான் பார்க்கவேண்டும். பார்த்தேன். அக்கம்பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

இந்த ஒரு பூ மூன்று கட்சிகளை ஒரே காலையில் கவிழ்த்தது. மிளகாய் என்றால் பூ வெள்ளை. மணத்தக்காளி என்றால் வெள்ளையும் கொத்தும். ஊமத்தை என்றால் எக்காளம் போல நீண்டு நிற்கும், இப்படிக் கூச்சப்படாது. மனைவி மஞ்சளைப் பார்த்ததும், “நான் அப்பவே தக்காளியா இருக்கும்னுதான் நெனச்சேன்” என்றாள். பதிவேட்டைக் காட்டினேன். பதிவேடு சில நாட்கள் காணாமல் போயிற்று.

மகரந்தத்தாள் ஐந்து, சூல்முடி ஒன்று. லின்னேயஸ் பூக்களை ஆண், பெண் எண்ணிக்கையை வைத்தே வகுத்தவர். ஐந்து ஆண் ஒரு பெண் என்பது அவருடைய முறையில் தனிப் பிரிவு. அக்காலத்தில் இதைப் படித்துச் சில ஐரோப்பியப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நமக்கு அதில் அதிர்ச்சி இல்லை. பாஞ்சாலிப் பிரிவு என்று குறித்துக்கொண்டேன்.

பூ உதிர்ந்தது. அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். பூவைத் தாங்கியிருந்த பச்சைப் புல்லி வட்டம் உதிராமல் ஊத ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் கொண்டைக்கடலை அளவு. அடுத்த வாரம் கோலிக்குண்டு. ஐந்து பட்டையாக, ஊதா நரம்போடு, உள்ளே காற்றும் நடுவில் மிளகளவு ஒரு காயும். மார்கழி முடிவதற்குள் கிளைக்குக் கிளை குட்டி ஆகாச விளக்குகள். படமெடுத்துத் தங்கை மகளுக்கு அனுப்பினேன். விடுதியிலிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது: “பிசாலிஸ்.”

பெயர் கிடைத்துவிட்டது. ஆய்வு இங்கே முடிந்திருக்கவேண்டும். கூடத்துக்குப் போய் அறிவித்தேன். “பிசாலிஸா?” என்றார் மாமியார், சுவரைப் பார்த்து. “யாருக்கு வந்திருக்கு? டாக்டர்கிட்டக் காட்டினாங்களாமா?” மனைவி, அது சமைக்கக்கூடியதா என்று கேட்டாள். தமிழாசிரியர் அது தமிழா என்று கேட்டார். மண்வெட்டிக்காரர் இப்போதும் நூறு ரூபாய்தான் என்றார். மூன்று மாத உழைப்பில் கிடைத்த பெயர் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றையும் நினைவுபடுத்தவில்லை.

முடிவு

போகிக்கு முன் மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். செடியின்மேல் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையையும் மீறி நாலைந்து சொட்டுகள் இலைகளில் தெறித்தன. செயலிக்குக் காட்டினேன்; பூஞ்சை நோய் என்றது.

மாட்டுப்பொங்கலன்று காலை பெங்களூரிலிருந்து மகள் குடும்பம் வந்திறங்கியது. பேரனுக்கு ஏழு வயது. பொருட்களைச் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கை உடைப்பது அவனுடைய முதன்மையான பொழுதுபோக்கு. செருப்பைக் கழற்றுமுன் கொல்லைக்கு ஓடினான். “தாத்தா, செடியில பபிள் ராப் காய்ச்சிருக்கு!” நான் வேண்டாம் என்பதற்குள் ஒன்றைப் பறித்து இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அறைந்துவிட்டான்.

சொடக்.

கூடத்தில் ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சு நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாருடா அங்க சொடக்குத் தக்காளி உடைக்கிறது?”

ஒருவரும் பேசவில்லை. “இங்க எடுத்துட்டு வா. அப்படியில்ல உடைக்கிறது.” கைத்தாங்கலாகத் தாழ்வாரம் வரை வந்தார். ஒரு காயின் காம்பைப் பிடித்து, மற்ற விரல்களால் கொள்ளுப்பேரன் முகத்தைத் தடவி நெற்றி எங்கே என்று கண்டுகொண்டு, ஒரே வீச்சில் வைத்தார். முன்னதைவிட இரட்டிப்புச் சத்தம். பையன் கிறங்கிப் போய்விட்டான். முசிறிப் பக்கம் வயற்காட்டில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இது கிடக்குமாம். யார் நெற்றியில் சத்தம் பெரிசு என்று பந்தயமாம். “இலையக் கொண்டாந்து குடுத்தா யாருக்குத் தெரியும்? இலைய யார் பார்த்தா?”

கிரேக்கத்தில் பிசாலிஸ் என்றால் ஊதிய பை என்று பிறகு படித்தேன். மலையாளத்தில் இதற்கு ஞொட்டாஞொடியன் என்று பெயர். விரலைச் சொடுக்கும் அதே ஓசைதான். ஹோர்டஸ் மலபாரிக்கஸிலும் அந்தப் பெயர், டச்சுக்காரர் காதில் விழுந்த மாதிரி, லத்தீன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. வீட்டில் திறக்காமலே விட்ட அதே நூல். டெல்லிப் பக்கம் ரஸ்பரி என்று பெட்டியில் விற்பது இதன் பெரிய தமையன்.

உடைப்பதற்குப் பச்சைக் கூடு, தின்பதற்குக் கூடு காய்ந்து தானாக உதிர்ந்த பழம் மட்டும். பச்சைக்காயை வாயில் வைக்கக்கூடாது. இந்த விதியையும் மாமியார்தான் சொன்னார், இம்முறை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே. துவைகல்லடியில் தேடியதில் வைக்கோல் நிறக் கூடுகள் பதினான்கு கிடைத்தன. ஒவ்வொன்றையும் உரித்தால் உள்ளே சுண்டைக்காய் அளவில் மஞ்சள் பழம், லேசான பிசுபிசுப்பு, புளிப்பும் இனிப்பும். பேரன் ஒன்று, மனைவி ஒன்று, இவ்வாய்வாளர் ஒன்று. ஊமத்தை என்று முதல் வாரமே தீர்ப்புச் சொன்னவர் பதினொன்று.